நீ மாற்றிய கடைசிக் காட்சி

உன் மருமகளிடம் கேட்டு வாங்கி வந்த காகிதக் கட்டைப் பிரித்ததும் பெருங்காய வாசனைதான் முதலில் வந்தது. உன் கேண்டீன் சமையல் பட்டியலின் பின்பக்கத்தில் ஒரு முழு நாடகத்தை எழுதிவைக்க உன்னால்தான் முடியும். ஒரு பக்கம் ‘திங்கள்: சாம்பார் சாதம், உருளைப் பொரியல்’. மறுபக்கம் என் கதாநாயகி. பக்க எண் கிடையாது. யார் பேசுகிறார்கள் என்பது உனக்கே வெளிச்சம். ஒரே கான்வென்டில், ஒரே சிஸ்டரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள் நாம். எனக்கு ஒட்டிய ஒழுங்கில் கால்வாசிகூட உனக்கு ஒட்டவில்லையே!

எழுபத்திரண்டு வயதில் நான் வகுப்புக்குப் போகிறேன் என்றால் சிரிப்பாய். சனிக்கிழமை சாயங்காலம், நூலக மாடியில். எழுதிய கதை மேடைக்கும் திரைக்கும் போகும்போது என்ன ஆகிறது என்பதுதான் பாடம். கூடப் படிப்பவர்கள் ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள். ஷிப்ட் மாறினால் பாதி நாற்காலி காலி. ஒரு கதையையும் அதன் நாடகத்தையும் அருகருகே வைத்து, எது போனது, எது புதிதாக வந்தது, எது இடம் மாறியது என்று எழுதி வரச் சொன்னார்கள். நான் என் கதையையும் உன் நாடகத்தையும் எடுத்துக்கொண்டேன். நீ அதைக் கெடுத்தாய் என்று ஆதாரத்தோடு நிரூபிக்கத்தான்.

என் கதையில் பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் ஒரு தாய். அவள் நிலத்தை வாங்கப் புரோக்கர் பத்திரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். மூன்று பக்கம் யோசிக்கிறாள். கடைசியில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். அந்த மறுப்புக்காகவே நான் எழுதிய கதை அது. சர்ச் ஆண்டு விழாவில் நாடகமாகப் போடுகிறேன் என்று வாங்கிப் போனாய். முதல் வரிசையில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து பார்க்கிறேன், மேடையில் என் கதையின் அம்மா குனிந்து கையெழுத்துப் போடுகிறாள்!

திரைக்குப் பின்னால் ஓடி வந்தேன்.

“யாரைக் கேட்டுடி மாத்தினே?”

“யாரையும் கேக்கல. நல்லா இல்ல, மாத்திட்டேன். இன்னா இப்போ?”

“கையெழுத்துப் போடாதவடி அவ!”

“அங்க குந்திகினு கீறவங்க எல்லாம் போட்டவங்கதான். உனக்கு இன்னா, விக்கிறதுக்கு ஒரு சென்ட் நெலம் கீதா? பென்ஷன் வருது, பேசுவே.”

அம்மா வேடம் போட்ட கோமளா அங்கேயே நின்றிருந்தாள். உன் கேண்டீனில் பாத்திரம் கழுவியவள், என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவள். தலையைத் தூக்கவே இல்லை. நடிப்பு சரியில்லை என்று நான் திட்டுவதாக நினைத்துக்கொண்டாள் போலும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஒன்பது வருடம் உன்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது வந்தாய். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாய். நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டும், அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்து, கடைசியில் சவப்பெட்டிக்கு முன்னால்தான் வந்து நின்றேன்.

இப்போது தாளில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் நான், வலப்பக்கம் நீ. என் மூன்று பக்க யோசனைக்கு நீ எழுதியது இவ்வளவுதான்: ‘அம்மா வேர்க்கடலை உரிக்கிறா. பேசக்கூடாது. புரோக்கர்தான் பேசிப் பேசி வேர்க்கணும்.’ அது போதும். ஒப்புக்கொள்ள எரிச்சலாக இருக்கிறது.

கடைசித் தாளில் என் முடிவு அப்படியே இருந்தது. ஒரு வார்த்தை குறையாமல் எழுதி, பிறகு அடித்திருக்கிறாய். ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘கோமளாவுக்கு வாயில வரல. மூணு தரம் அழுதுட்டா. போன மாசம் அவளே அவ நெலத்துக்குக் கையெழுத்துப் போட்டவ. டீச்சருக்குத் தெரிய வாணாம்னு சொல்றா.’

கோமளாவின் மானத்தைக் காப்பாற்றினாய், சரி. எனக்கு ஒரு பொய்யாவது உருப்படியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? நேரம் போதவில்லை, மைக் வேலை செய்யவில்லை, ஏதாவது! ‘நல்லா இல்ல’வாம். என்னிடம் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா உனக்கு?

வகுப்பில் இந்த நாடகத்தை மறுபடி மேடையேற்றப் போகிறார்கள். எந்த முடிவு என்று என்னைத்தான் கேட்டார்கள். “படிக்க என்னுடையது, நடிக்க அவளுடையது” என்றேன். கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

போன சனிக்கிழமை ஒத்திகை. நீ அடித்த வரிகளுக்குக் கீழே எழுதியபடி, அம்மா கையெழுத்துப் போடுகிறாள், பேனாவை வைக்கிறாள், புரோக்கரைப் பார்த்து “சாப்ட்டுட்டுப் போங்க” என்கிறாள். அம்மாவாக நடிப்பவள் தென்காசிப் பெண். சீருடை மாற்றாமல் நேராக ஷிப்டிலிருந்து வந்திருந்தாள்.

“இத கோவத்துல சொல்லணுமா, பாசத்துல சொல்லணுமாம்மா? எழுதுனவங்க கூட்டாளி நீங்கதான, உங்களுக்குத்தான தெரியும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாள் ஷேர் ஆட்டோ ஏறி வந்து கேட்டிருக்கலாம்.

“ரெண்டு விதமாவும் சொல்லிப் பாரும்மா” என்றேன். சொன்னாள். இரண்டுமே பொருந்தின. இரண்டில் எது உன்னுடையது என்று இன்னும் தெரியவில்லை. வீட்டில் அடுப்படியில் நின்று நானே சொல்லிப் பார்க்கிறேன், ஒருமுறை கோபமாக, ஒருமுறை பாசமாக. அந்த வசனத்துக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு சொல் எழுத உனக்கு என்னடி கேடு?