ஜிம்மி விழுங்கிய துணி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நம் நாய் ஜிம்மிதான் ஒரு துணியை விழுங்கிவிட்டு, தண்ணீரைக்கூடக் கக்குகிறது. உங்கள் போர்டிக்சன் கேம்பில் போலீஸ் நாய்களுக்கு டாக்டர் இருக்கிறாராமே, என்ன செய்வதென்று கேளுங்கள். என்ன துணி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பழைய போலீஸ் சட்டையின் கை அது. அதில் சோறும் கருவாடும் கட்டி, ரப்பர் பால் வெட்டப் போகும்போது வாளிக்குள் மறைத்து வைத்திருந்தேன். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, தோட்டத்து வேலியைத் தாண்டிச் சோறு போனால் ஜெயில் என்று தெரியும். நான் பசியாறத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டோரம் வாளியை இறக்கிவைத்தேன். ஜிம்மி பொட்டலத்தோடு விழுங்கிவிட்டது.

இன்று அதன் பின்னால் நூல் தொங்குகிறது. இழுக்கப் போனேன்.

"இழுக்காத தாயி, குடல் கிழிஞ்சிரும்" என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் சன்னாசி மண்டோர் தடுத்தார். பிறகு குனிந்து பார்த்து, "காக்கி நூலால்ல இருக்கு" என்றார். ஜிம்மியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

இதைத் தபாலில் போடப் பயந்து உங்கள் பக்கம் வரும் ஃபிளோரா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள்.

டாக்டர் வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள். வந்து என்னை அடித்தாலும் சரி, என் தம்பி எங்கே என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து ஜிம்மியும் சாப்பிடவில்லை, அவனும் சாப்பிட்டிருக்க மாட்டான்.

உங்களையே நம்பியிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி