மேனேஜர் என்று என் நம்பரைக் கொடுத்தவளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாயே. அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய், காகிதத்திடம் அந்த ஜம்பம் நடக்காது. உன் அம்மா உன் கட்சி. மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை, சாப்பாட்டுத் தட்டை மட்டும் மேஜையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?

உன் தம்பி கண்ணும் காதும் மூக்கும் வைத்துச் சொன்னதை மறந்துவிடு, நடந்ததை நான் சொல்கிறேன். கடையில் ஒரு வாஷிங் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கிரீஸ், அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் போன் செய்து, உன் பேரைச் சொல்லி, சார், நீங்கதானே அவங்களோட மேனேஜர், எங்க கம்பெனில இன்டர்வியூவுக்கு வந்திருக்காங்க, உங்ககிட்ட வேலை செஞ்சப்போ எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க என்றார். மேனேஜரா, நான் அவ அப்பன்மா என்றேன். வேறு என்ன சொல்ல? என் நம்பரைக் கொடுக்கத் தெரிந்தவளுக்கு, அப்பா, இப்படிக் கொடுத்திருக்கேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு. கடை நிஜம், நாலு வருஷம் நீ அதில் வேலை பார்த்ததும் நிஜம், அப்பன் என்பதை மட்டும் எதற்காக மறைக்க வேண்டும்? ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் மகள் என்றால் அந்த ஆபீஸ் நாற்காலி உன்னைக் கீழே தள்ளிவிடுமா?

அந்த அம்மாளும் விடவில்லை, பரவாயில்லை சார், ஓனரா இருந்தே சொல்லுங்க என்றார். சொன்னேன். சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாள் என்றேன். மூன்று பேருக்கு நாளைக்கு ரெடி என்று நான் வாக்குக் கொடுத்தால், பின்னாலேயே இரண்டு பேருக்குப் போன் போட்டு, நாளைக்கு ஆகாதுங்க, வியாழக்கிழமை வாங்க என்று சொல்லிவிடுவாள், ஏன் என்று கேட்டால், உங்க நாளைக்கு என்னைக்குப்பா வந்திருக்கு என்று வாடிக்கையாளர் முன்னாலேயே என் மூக்கை அறுப்பாள் என்றேன். பிளக்கில் ஒயர் கழன்றதற்கு ஃபிரிட்ஜையே வண்டி வைத்துத் தூக்கி வந்த மனுஷனிடம் ஒரு காசு வாங்காமல் திருப்பி அனுப்பியவள் என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான். குற்றமாகத்தான் சொன்னேன், இன்றைக்கும் எனக்கு அது குற்றம்தான். அதற்கு நீ அன்றைக்கே போன் போட்டு, என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களேப்பா என்று ஒரு பாட்டம் அழுதாய். மண் விழுந்திருந்தால் அடுத்த வாரம் கடைசிச் சுற்று இன்டர்வியூவுக்கு உன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? ஊரார் புகாரையெல்லாம் கேட்டுப் பதில் சொல்கிற வேலை என்றாயே, அதற்கு வேறு எப்படிப்பட்ட ஆள் வேண்டுமாம் அவர்களுக்கு?

இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிற அந்தக் கோட்டுக்காரனை முதலில் விடு. உங்கள் குறை என்ன என்று கேட்டால், அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை என்று சொல்லச் சொன்னானாமே. உன்னைக் காலையில் எழுப்ப உன் அம்மா பட்ட பாடு அவனுக்குத் தெரியுமா? மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வாயை மூடு. அடுத்த தடவை வேறு கம்பெனிக்காரர்கள் கேட்டால் உறவே இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என அம்மாவிடம் தூது விட்டாயே, அது நீ தலைகீழாக நின்றாலும் நடக்காது.

நேற்று அந்த அம்மாள் மறுபடியும் கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்விதான் சார், உங்க பொண்ணு திரும்பி வந்தா கடையில வேலைக்கு எடுத்துப்பீங்களா என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். இது யார் வாய் வழியாகவாவது உன் காதுக்கு வந்து நீ ஊரைக் கூட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஏன் சார் என்று கேட்டார். எங்க கடை மேஜை அவளுக்குப் பத்தாதும்மா, நாலு வருஷம் அங்க உட்கார வெச்சதே அதிகம் என்றேன். சரிங்க சார் என்று வைத்துவிட்டார். இதையும் அப்பா கெடுத்துவிட்டார் என்பாய், சொல்லிக்கொள்.

உள்ளே போனதும் நிமிர்ந்து உட்கார், முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொள், வெறும் வயிற்றோடு போகாதே. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் உள்ளதைச் சொல். நினைத்த வேலை கிடைத்து நூறு வயசுக்கு நன்றாக இரு. கிடைக்காவிட்டால் கடையில் உனக்கு இடம் கிடையாது, வீட்டில் உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இன்னும் கோபம் தீராத,
உன் அப்பா