நீ எழுதிய நான்கு வரி

இன்று காலை எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது. அட்டையைக் கிழித்து தெர்மாக்கோலை எடுத்ததும் புது பிளாஸ்டிக்கும் ரப்பர் குழாயும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. மற்றவர்கள் ஆவலாகக் குனிந்து பார்த்தார்கள். எனக்கு மட்டும் கிட்டே போக மனம் வரவில்லை. எலிகளிடமிருந்து தானாகவே ரத்தம் எடுக்கும் இயந்திரம். வாங்கலாமா என்று பார்க்க ஒரு வாரத்துக்கு வந்திருக்கிறது. "நீங்கதான் மேடம் சீனியர், ரிப்போர்ட் நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரகடத்தில் சுற்றிலும் கார் கம்பெனிகள், நடுவில் நம் மருந்துச் சோதனைக்கூடம். வாசல் டீக்கடையில் யாராவது "எந்த லைன்மா?" என்று கேட்டால், "எலி லைன்" என்பாய், சிரிக்காமல். நீ பென்னலூர்க்காரி, வீட்டிலிருந்தே வந்து போனவள். நான் சங்கரன்கோவிலிலிருந்து வந்து படப்பையில் நான்கு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியவள். இரண்டு பேருமே காண்ட்ராக்ட். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. உனக்கு அது நினைவிலேயே இருக்காது. எனக்கோ அதைத் தவிர வேறு நினைவு இருக்காது.

மருந்து கொடுத்த எலியிடம் குறித்த நேரங்களில் சில சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். நீ பிடிப்பாய், நான் வாலில் ஊசி போடுவேன். கையில் பிடித்த உடனே எலி மிரளும். மிரண்ட எலியின் ரத்தம் மருந்தைப் பற்றி உண்மை சொல்லாது என்பார்கள். அதற்காகத்தான் அப்போது முதல் முறையாக இயந்திரம் வாங்க நினைத்தார்கள். கழுத்து ரத்தநாளத்தில் மெல்லிய குழாயை வைத்துவிட்டால் போதும். எலி தன் பாட்டுக்குத் தின்னும், தூங்கும். இயந்திரம் நேரத்துக்கு நேரம் ரத்தத்தை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் சேர்த்துவிடும். இரண்டு கம்பெனிகள் மாதிரி இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தன. முதல் கம்பெனி உடனே தருவதாகச் சொன்னதால் மேலாளர் மனதுக்குள் அதை வாங்கியே விட்டார். இரண்டையும் ஓடவிட்டுக் கவனித்து எழுதுவது மட்டும் நம் வேலை.

இரண்டாம் நாள் காலை நீதான் முதலில் பார்த்தாய்.

"இன்னாடி, இதோட காது இப்டி வெளுத்துக்கீது?"

முதல் இயந்திரத்தில் இருந்த எலி. காதில் ரத்த ஓட்டமே தெரியவில்லை. பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. திரையில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. நீ திரையைப் பார்க்கவில்லை, தரையில் உட்கார்ந்து கழிவு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாய்.

"பாருடி, எவ்ளோ செவப்பு. ஒவ்வொரு வாட்டியும் குழாயில கீற ரத்தத்தையும் சேத்து இழுத்து இதுல கொட்டுது. அந்த மிஷின் அத்த திருப்பி உள்ள வுடுது. இது வுடல."

கம்பெனி ஆள் வந்தார். "செட்டிங்ல மாத்திக்கலாம் மேடம்" என்றார். மதியத்துக்குள் எலி செத்துப்போனது.

மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றே என்னைக் கூப்பிட்டார். "டெமோதானம்மா. ஒரு எலி போனதுக்கு எதுக்கு இவ்ளோ? கவனிப்பு ஒண்ணுமில்லனு எழுதி முடிச்சிடுங்க."

கவனித்ததை எழுதும் படிவம் என்னிடம் இருந்தது. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிகிறது. எங்கள் தெரு முழுக்க அப்பா என் வேலையைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். "எழுது, பாத்ததத்தான எழுதப்போற" என்றாய். "ஏட்டி, நீ சும்மா இரு, வேலை போயிரும்" என்றேன். பொய்யும் எழுத முடியவில்லை, மெய்யும் எழுத முடியவில்லை. 'கவனிப்பு' என்ற இடத்தைக் காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். உடை மாற்றும் அறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தபோது காலி இடத்தில் உன் உருண்டை எழுத்தில் நான்கு வரி இருந்தது. காது, பாதம், கழிவு பாட்டில், செத்த நேரம். அதைக் கிழித்துப் போடவும் எனக்குத் தைரியம் இல்லை.

படிவம் வழக்கப்படி சோதனைக்கூடத்தின் கால்நடை மருத்துவரம்மாவிடம் போனது. அவர் கழிவு பாட்டிலை எடுத்துவரச் சொல்லி அளந்து பார்த்தார். முதல் இயந்திரம் திரும்பிப் போனது, இரண்டாவதை வாங்கினார்கள்.

நீ அறியாதது என்று நான் நினைத்திருந்தது இதற்குப் பிறகு நடந்தது. மேலாளர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். "இது உங்க எழுத்தா?" என்றார். "இல்ல சார்." "அப்ப யாரோடது?" மருத்துவரம்மாவிடம் ஓடியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் இரண்டாம் முறை கேட்பதற்குள் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் எனக்குப் புதுப்பித்தார்கள், உனக்கு இல்லை. லாக்கரைக் காலி செய்யும்போது, "எவன் போட்டுக் குடுத்தானோ, வுடு" என்றாய். நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு நீ இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கும் லைனில் சேர்ந்தாய். ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே வந்தாய். விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பெயரைச் சொன்னது நானா என்று நீ கேட்கப்போகிறாய் என்று பஸ் வரும் திசையையே பார்த்தேன். "அந்த மிஷின் நல்லா ஓடுதாடி? எலிங்கல்லாம் நல்லாக்கீதா?" என்றாய். "நல்லா இருக்கு" என்றேன். சொல்ல வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது. பஸ் வந்ததே என்று நிம்மதிதான் பட்டேன்.

அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னை ஆறே நாளில் கொண்டுபோய்விட்டது. பென்னலூருக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீதான அந்த சங்கரன்கோவில் பொண்ணு? உன்ன பத்தி சொல்லிக்கினே இருப்பா. நீதான் பேர சொன்னனு அன்னிக்கே அவளுக்குத் தெரியும்மா. 'ரூம்ல ரெண்டு பேரு தான இருந்தோம்'னு சொன்னா. 'பாவம்மா அவ, ரொம்ப பயந்தவ, நான் கேட்டா செத்துடுவா'னு சொன்னா."

எழுந்து எப்படிப் படப்பை வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை.

இப்போதும் யாராவது அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறேன். நாளையிலிருந்து இந்த இயந்திரத்தைக் கவனிக்க வேண்டும். இதிலும் ஒரு எலி வெளுக்கலாம், இதையும் யாரோ ஏற்கெனவே மனதுக்குள் வாங்கியிருக்கலாம். எழுதுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும், அதனால் உறுதியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. எல்லாம் தெரிந்தும், கூட்டுரோட்டில் அவ்வளவு நேரம் எதிரே நின்றும், எலிகளைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போனாயே. திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.