மூன்றாவது ஓலை

ஜூலை 13, ஞாயிறு

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. பாம்பனில் ஒரு படகும் இறங்கவில்லை. அய்யா கடலுக்குப் போகாமல் வீட்டில்.

பூசையில் சேவியரின் கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில் இரண்டாவது தடவையாக, வாசித்தார்கள். பெண் தங்கச்சிமடம். "தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லவும்." ஐந்து வருடம் அவனும் நானும் காதலித்தோம். அது தடையில் சேராது. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏப்ரலில் சொன்னான். அவ்வளவுதான்.

மதியம் உபதேசியார் போன். "ஏம்மா ஜான்சி, கோயில் வெப்சைட்டுல ஓலைக்குக் கீழ ஏதோ அடைப்புக்குறியாத் தெரியுதே? பொண்ணோட அண்ணன் மஸ்கட்லருந்து கேக்குறான்."

"பாக்குறேன் மாமா."

சைட் நானும் சேவியரும் சேர்ந்து செய்தது. அவன் சென்னைக்குப் போனபின் நான் மட்டும்.

ஜூலை 14, திங்கள்

காரணம் பிடிபட்டது. போன மாதம் ஃபாதர் கேட்டபடி, புது ஓலைக்குள் போன வார ஓலையையும் பெட்டி போட்டுக் காட்டுகிறோம். [ஓலை] என்று திறந்து [/ஓலை] என்று மூடும் குறி. அதற்குள் இன்னொரு ஜோடிக் குறி. குறிகளைத் தேடிப் பிடிக்க சேவியர் எழுதிய ரெஜெக்ஸ், முதலில் கண்ட மூடும் குறியோடு நின்றுவிடுகிறது. மிச்சக் குறிகள் அப்படியே திரையில்.

செய்ய வேண்டியவை:
– பேட்டர்னுக்குள் அதே பேட்டர்னை அழைப்பது. ஜோடி சரியாகச் சேரும்.
– preg_replace_callback: பிடித்ததை நான் எழுதும் ஒரு ஃபங்ஷனிடம் (கால்பேக்) மாற்றக் கொடுக்கும். பிடித்த ஓலையின் உள்ளே இருப்பதை, கால்பேக் திரும்பத் தனக்கே கொடுக்க வேண்டும். உள்ளே ஓலை இல்லாதபோது தானாக நிற்கும்.
– தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

ஜூலை 16, புதன்

வெளிப்பெட்டி சரி, உள்ளே பழையபடி. கால்பேக் தன்னை அழைக்கவே இல்லை, எழுத மறந்திருக்கிறேன். இருபது தடவை ரன். இருபது தடவையும் "மணமகன்: சேவியர்". பாவிப் பயல்.

அம்மா: "என்னடி, கண்ணு செவந்து கெடக்கு?"

"ஸ்கிரீன் பாத்தது."

"அந்தக் கழுதையத் தூக்கிக் கடல்ல போடு."

லேப்டாப்பைத்தான் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

ஜூலை 19, சனி

இரண்டு பெட்டியும் சரி. நாளைக்கு மூன்றாவது ஓலை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி. முன்னாடியே சோதிக்க, சேவியர் வைத்திருந்த பழைய டெஸ்ட் ஃபைலைத் திறந்தேன். ஒரே ஓலை.

மணமகன்: சேவியர். மணமகள்: ஜான்சி.

ஒன்றோடு நிறுத்திவிட்டான். அதற்குள் இரண்டாவது போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தப்பு தெரிந்திருக்கும்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணி வீணாப் போகுது என்று அய்யா கதவைத் தட்டினார்.

பிறகு அந்த ஓலையை இன்னொன்றுக்குள், அதை இன்னொன்றுக்குள் வைத்து ரன் செய்தேன். மூன்று பெட்டி. ஒரு குறிகூட மிச்சமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காற்று இறங்கிவிட்டது. நாளைக்குக் கடலுக்குப் போகலாம் என்கிறார் அய்யா.

மூன்றாவது ஓலை வாசித்தாயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. நானும். வீட்டுக்கு வந்து சைட்டில் ஏற்றினேன்.

உபதேசியார்: "இப்பத்தான் பளிச்சுனு இருக்கு தாயி."

நாலு மணிக்கு சேவியரிடமிருந்து மெசேஜ். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை. "சைட் பாத்தேன். மூணும் சரியா வருது. எதை வச்சு டெஸ்ட் பண்ணுன?"

எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். "நீ பழைய ஃபைல்ல வச்சிருந்த பேருகளை வச்சுத்தான். மூணு ஓலையும் போட்டுப் பாத்தேன். தடை ஒண்ணும் வரல."

அனுப்பிவிட்டேன்.