சீனி சுற்றிய தாளின் மறுபாதி

மாங்கேணி
14.12.2011

என் செல்லப் புதினம்,

நீ எந்தத் திசையில் இருந்தாலும் கை கால் சுகத்தோடு, நேரத்துக்கு ஒரு வாய் சோறோடு இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம், நல்ல சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் உறையில் எழுத எனக்கு ஒரு விலாசம் இல்லை மகன். 2009 மாசியில் மாத்தளனில் ஒரு பதுங்குகுழி வாசலில் உன்னைக் கண்டதாக முகாமில் இருந்து திரும்பிய ஒரு பிள்ளை வந்து சொன்னாள், தாடி வளர்ந்திருந்ததாம், யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருந்தாயாம். அதற்குப் பிறகு உன்னைக் கண்டேன் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. வவுனியா, பூசா, வெலிக்கந்தை என்று தடுப்பு முகாம் முகாமாக அப்பாவும் நானும் உன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாத இடம் இல்லை. இடாப்பில் உதயரூபன் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்கு வாசிப்பு ஓடத் தொடங்கியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் இத்தனை வரி எழுதுகிறாள் என்றால் உனக்கே அது ஒரு புதினமாக இருக்கும்.

உன்னை இப்போதும் ஊரில் உதயரூபன் என்று சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, புதினம் என்றால்தான் தெரியும். பத்திரிகைத் தாளில் வாசித்த அதிசயத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மாமி ஒரு புதினம் கேளுங்க, மச்சான் ஒரு புதினம் கேளுங்க என்று நீ திரிந்த திரிச்சலுக்கு வைத்த பெயர் அல்லவா. கணவாய்க்கு மூன்று இதயம், அதன் இரத்தம் நீலம் என்று நீ சொன்ன அன்று நான் கணவாய்க் கறி ஆக்கிக்கொண்டு இருந்தேன், மூணு இதயம் இரிந்தும் சட்டிக்குள்ளதானே வந்திச்சு, பேசாமத் தின் மனே என்று சொன்னேன். நீ சிரித்தாய். இப்போது நான் கணவாய் வாங்குவதில்லை, அப்பா மீனே தின்பதில்லை. உன் தங்கச்சி விதுவை எடுத்த கடலுக்கு அவர் அதற்குப் பிறகு தோணி இறக்கவும் இல்லை, மற்றவர்களின் வலையைப் பொத்திக் கொடுத்துக்கொண்டு வீட்டுத்திட்டத்தில் தந்த வீட்டு விறாந்தையில் இருக்கிறார், இளைப்பு கூடிவிட்டது. ஓட்டமாவடி உசனார் காக்கா சண்டை முடிந்த பிறகு கடையைத் திரும்பத் திறந்திருக்கிறார். இப்போது எல்லாம் பொலித்தீன் பைதான், ஆனாலும் செத்தல் மிளகாய்க்கும் கடுகுக்கும் அவர் இன்னும் பழைய பத்திரிகையில்தான் சரை சுற்றுகிறார். அதிசயச் செய்தி ஏதாவது உள்ள தாள் கண்ணில் பட்டால் வெட்டாமல் எடுத்து வைத்து என்னிடம் தருகிறார். புதினம் வந்தாக் குடு தங்கச்சி, இது முழுசாக் கிடக்கு, ஒரு மூலையும் கிழியல்ல என்று சொல்லித் தருகிறார். அந்த மனிசன் அன்பாகத்தான் சொல்கிறது. கிழியல்ல என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும், எழுதுவேன், கொஞ்சம் பொறு.

நீ புதினம் ஒட்டுகிற சீ.ஆர். கொப்பி என்னிடம் இருக்கிறது. காக்காவின் மகள் நிஸ்மியா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனபடியால் சுனாமியில் அதைக் கடல் எடுக்கவில்லை. நீ சோற்றுப் பசை பூசி ஒட்டிய தாள் ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்துவிட்டேன். ஆமைக்குஞ்சு பொரித்த உடனே கடலுக்குள் போனாலும் இருபது முப்பது வருடம் கழித்து முட்டை இட அதே கரைப் பக்கத்துக்கே திரும்பி வருமாம், ஒருவரும் வழி காட்டுவதில்லையாம். காக்கா தந்த தாள்களில் உனக்குத் தெரியாத புதினமும் இருக்கிறது. ஜப்பான்காரச் சிப்பாய் ஒருவன் சண்டை முடிந்தது தெரியாமல் பிலிப்பைன்ஸ் காட்டுக்குள் இருபத்தொன்பது வருடம் இருந்திருக்கிறான். சண்டை முடிந்தது வா என்று ஆகாயத்தில் இருந்து நோட்டீஸ் போட்டும் அது எதிரியின் சூழ்ச்சி என்று நம்பவில்லையாம். இடையில் அவன் செத்தவன் என்று அவனுடைய நாட்டில் பதிந்தும் போட்டார்களாம். பிறகு அவனுடைய பழைய அதிகாரி நேரே போய்க் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தானாம். அதை வாசித்த அன்று நான் சமைக்கவில்லை. இன்னொன்று ஒரு மீன். ஏழு கோடி வருடத்துக்கு முன்னமே பூண்டோடு அழிந்தது, கல்லில் பதிந்த எலும்புதான் மிச்சம் என்று படித்தவர்கள் எல்லாரும் எழுதி முடித்த மீன், 1938 மார்கழியில் தென்னாபிரிக்காவில் ஒரு வலையில் உயிரோடு வந்திருக்கிறது. வேறொரு தீவில் உள்ள மீன்பிடிகாரருக்கு அது முன்பே தெரிந்த மீனாம், ருசி இல்லாத மீன் என்று அதை அவர்கள் பெரிதாக எடுப்பதே இல்லையாம்.

அந்த மீனைத்தான் போன செவ்வாய்க்கிழமை கனகசிங்கத்துக்குச் சொன்னேன். கனகசிங்கம் எங்கள் புது கிராம சேவகர், நல்ல பெடியன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு வருடத்துக்கு மேல் காணாமற் போயிருப்பவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறதாம், அதற்குரிய படிவத்தைக் கொண்டு வந்தார். அக்கா, நான் சட்டத்தத்தான் கொண்டு வந்தன், என்ட மனசக் கொண்டு வரல்ல, கோவிக்காதீங்க என்று சொல்லித்தான் நீட்டினார். நான் மீனின் கதையைச் சொன்னேன். அந்த மீனுக்கு ஒருத்தரும் மரணச் சான்றிதழ் எழுதல்லயே அக்கா என்றார். எழுதினாங்கதான் தம்பி, பெரிய பெரிய புத்தகத்தில எழுதினாங்க, மீனுக்கு வாசிக்கத் தெரியா, அதாலதான் வந்திச்சு என்றேன். அவர் சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா வலையில் இருந்து கையை எடுக்காமல், உன்ட மகன் வாசிக்கத் தெரிஞ்சவன்கா என்றார். 

அப்பாவில் பிழை இல்லை. நான் போன பிறகு அவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க ஆரு இரிக்கா, என்ட மூச்சு இரிக்கக்குள்ளயே செய்யணும்கா என்கிறார். ஆனால் நான் கையெழுத்துப் போடாமல் தான் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை வாகரைக்குப் போய்க் கொடுக்க வேண்டும். படிவத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று, பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், அடையாளம் என்ற இடத்தில் முழங்காலில் உள்ள சிப்பி வெட்டின தழும்பு. எப்படிக் காணாமற் போனார் என்று கேட்கும் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. யுத்தம் எண்டு ஒரு சொல் போதும் அக்கா என்றார் கனகசிங்கம். எனக்குக் கை ஓடவில்லை. நீ சண்டையால் போகவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும் மகன்.

சுனாமிக்கு முந்தின கார்த்திகை மழை உனக்கு ஞாபகம் இருக்கும். விறகு எல்லாம் நனைந்து தேங்காய்ப் பொச்சுமட்டையும் பற்றவில்லை. காக்கா கடையில் வாங்கிய சீனியைப் பேணிக்குள் கொட்டிவிட்டு, சுற்றி வந்த தாளை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைச் சுருட்டி அடுப்புக்குள் வைத்து மூட்டினேன். மற்றப் பாதியையும் வைக்கப் போகும்போதுதான் நீ பள்ளிக்கூடத்தால் வந்து பறித்தாய். ஹவாய் என்ற தீவில் 1946இல் கடல் திடீர் என்று வெகுதூரம் உள்ளே போனது, வெறுந்தரையில் மீன்கள் துள்ளின, சனங்கள் இறங்கிப் பொறுக்கத் தொடங்கினார்கள் என்று இருந்தது, அந்த இடத்தோடு தாள் முடிந்தது. மிச்சம் எங்க அம்மா என்று கேட்டாய். அதற்கு முந்தின மாதம் நான் ஒரு தாளை எரித்துவிட்டேன் என்று நீ இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தவன், அந்தப் பயத்தில், கடையில இரிந்து வரக்குள்ளயே பாதிதான் மனே என்று சொல்லிவிட்டேன். நீ மழைக்குள் காக்கா கடைக்குப் போய்க் கட்டுக்கட்டாகத் தேடிவிட்டு நனைந்து வந்தாய். பிறகு அந்தப் பாதியைக் கொப்பியில் ஒட்டி, கீழே அரைப் பக்கம் விட்டு, மிச்சம் கிடைத்தால் இங்கே ஒட்டவும் என்று எழுதி வைத்தாய். நீ தேடிய மிச்சம் அந்த நேரம் சாம்பலாகிவிட்டது, அந்தச் சாம்பலால்தான் அன்று சட்டி விளக்கினேன்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் பறுவத்தன்று, முதல் வந்த தண்ணீர் வேலி வரைக்கும் வந்து கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது, அதற்குப் பிறகு கடல் போனது போனதுதான், நாங்கள் ஒரு நாளும் காணாத கல்லும் சேறும் தெரிந்தது, திருக்கையும் ஓரா மீனும் தரையில் கிடந்து அடித்தன. நீ துள்ளினாய். விது, ஹவாயில நடந்தது இஞ்சயும் நடக்குதுடி, கடகத்த எடுத்துக்கொண்டு ஓடு, நான் எல்லாருக்கும் சொல்லிற்று வாறன் என்று ரோட்டுப் பக்கம் ஓடினாய், புதினம் சொல்ல ஓடியபடியால் நீ தப்பினாய். பதினொரு வயதுப் பிள்ளை ஓலைக் கடகத்தோடு கடலுக்குள் இறங்கி ஓடினாள். நானும் கிணற்றடியில் நின்றுகொண்டு பெரிய ஓராவாப் பாத்துப் பொறுக்கு புள்ள என்றுதான் சொன்னேன். என்னைக் கஜு மரத்தில் கொண்டுபோய்க் கொளுவிய தண்ணீர் அவளை மூன்றாம் நாள் ஆற்றுப் பக்கத்துக் கண்ணாப் பற்றைக்குள் கொண்டுபோய் விட்டது.

அவளைப் புதைத்த இடத்தில், என்ட வாயாலதான் தங்கச்சி போனவ என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு நீ ஒருவருக்கும் ஒரு புதினமும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், என் வாய் திறக்கவில்லை. 2006இல் நீ வெருகல் ஆற்றைக் கடந்து இயக்கத்துக்குப் போன அன்று பின்னேரம் படலையில் நின்று, நான் இஞ்ச இரிந்தா நீங்க ஒவ்வொரு நாளும் என்ட முகத்தப் பாக்கணும் அம்மா என்றாய். அந்த நேரமாவது நான் சொல்லியிருக்கலாம் மகன். தாளைக் கிழிச்சவள் நான், உனக்கு மிச்சம் தெரிஞ்சிருந்தா நீ அவளை அனுப்பியிருக்க மாட்டாய், உன்னில ஒரு பிழையும் இல்ல என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும். நான் சொன்னது, சோறு தின்னிற்றுப் போ மனே என்று. நீ தின்னாமல் போய்விட்டாய்.

இதை இன்று பின்னேரம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ஏழு வருடம் அவருக்கும் ஒளித்து வைத்தேன். கேட்டுவிட்டு அவர் என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன், திங்கட்கிழமை போவதா விடுவதா என்று அவரே சொல்லட்டும். போனால் அந்தக் கட்டத்தில் நான் யுத்தம் என்று எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை மடித்து நீ விட்டு வைத்த அந்த அரைப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன், சோற்றுப் பசை காய்ச்சி வைத்திருக்கிறேன்.

விதுவின் ஏழாம் ஆண்டு வருகிற இருபத்தாறாம் திகதி, மறக்க வேண்டாம், எங்கே இருந்தாலும் அவளுக்கு ஒரு விளக்கு வை. வெளிச்சம் காணாத இடத்தில் இருந்தால் மனதில் வைத்தாலும் போதும். பச்சைத் தண்ணீரில் தலை முழுகாதே, உனக்கு இழுப்பு வரும். அம்மன் உன் தலைமாட்டில் நிற்கட்டும், நீ நூறு வயதுக்கு இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
வ. சின்னத்தங்கம்

பெயரைப் போட்ட பிறகும் ஒன்று மிச்சம் கிடக்கிறது மகன். படலையில் நின்ற அன்று நான் அதைச் சொல்லியிருந்தால், நீ சோறு தின்ன உள்ளே வந்திருப்பாயா?