தங்கையன் வெளியே போகவில்லை

ஆடி 27, வியாழன்

பாறசாலையில் தந்திக்கம்பியை அறுத்தது தையல்காரர் தங்கையன்தான் என்று எழுதச் சொன்னார் மலையாளி இன்ஸ்பெக்டர். எங்கள் தாலுகா மலையாள சர்க்காரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போகிறவர் என்பதால், மூன்று வாரமாகச் சாதாரண உடையில் அவர் வீட்டைக் கண்காணித்தவன் நான். கம்பி அறுபட்ட மாலையில் அவர் காய்ச்சலில் கிடந்த மனைவிக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் வெளியே போகல்ல, சார்" என்றேன்.

"நீயும் தமிழனல்லே?" என்றார். அவர் வீட்டில்தான் இருந்தார் என்று எழுதிய அறிக்கையை நான் மாற்றவில்லை.

இன்று தங்கையனை விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவர் மனைவி என்னைப் பார்த்து, "அது ஆரு?" என்று கேட்டாள்.

"தெருமுனைல நின்ன ஒற்றனாக்கும். மூஞ்சியப் பாக்காத, வா" என்றார்.

சாப்பிடும்போது என் பெஞ்சில் மலையாளிப் போலீஸ்காரர்கள் யாரும் உட்காரவில்லை. தங்கையனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரிடமாவது தமிழில் பேசி ரொம்ப நாளாகிறது.