ரத்தம் ஜாஸ்தியான வம்சம்

9 ஜூன், திங்கள்
என் பேத்தி கவிநிலா இன்று கருவடிக்குப்பம் பக்கத்துக் காலி இடத்தில் பெரிய பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்து, இரண்டு கம்பத்துக்கு நடுவில் உரசாமல் நிறுத்தினாள். நானே கண்ணால் பார்த்தேன்!

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கலியமூர்த்தி, "ஆயா, பசங்களவிட உன் பேத்தி நல்லா ஓட்டுது" என்றார். கூடவே ஒரு குத்தல். "ஆனா மாசத்துல பத்து நாள் காணாமப் போயிடுது. எந்த முதலாளி பஸ்ஸைக் குடுப்பான்?"

பத்து நாள் ஏன் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வம்சத்துப் பெண்களுக்கு ரத்தம் ஜாஸ்தி. என் அம்மாவுக்கும் அப்படி, எனக்கும் அப்படி. நல்ல திடமான வம்சம்.

17 ஜூன்
கவிநிலா இன்று வகுப்புக்கு லீவு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு மாற்றுகிறாள். உளுந்தங்களி கிளறிக் கொடுத்தேன். வயிற்று வலிக்கு வழக்கம்போல் கடை மாத்திரை. மருமகள் மாலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

26 ஜூன்
நேற்றுக் கவிநிலாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். இன்னும் ரத்தம் நிக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டார் பல் டாக்டர். தலகாணி எல்லாம் ரத்தம். என் கண்ணு, என் கண்ணு —

4 ஜூலை
பல் பிடுங்கின இடத்தில் இப்போது ரத்தம் இல்லை. டெஸ்ட் முடிவு வந்தது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு சத்து அவளுக்குப் பிறவியிலேயே குறைவாம். வியாதியின் பெயர் என் வாயில் நுழையவில்லை.

"வீட்ல வேற யாருக்காவது?" என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குத்தான் என்றேன். முப்பத்திரண்டு வயதில் கர்ப்பப்பையையே எடுத்த கதையைச் சொன்னேன். என்னையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். என்னிடமிருந்து என் மகனுக்கு, அவனிடமிருந்து அவளுக்கு இறங்கியிருக்கலாமாம். நான் ஆசையாகக் கொடுத்த வலி மாத்திரை ரத்தப்போக்கை இன்னும் அதிகமாக்கும் ஜாதியாம்.

வெளியே வந்ததும் மாலா மெதுவாகச் சொன்னாள்: "இவளுக்குப் பதிமூணு வயசுலயே டாக்டர்கிட்ட காட்டலாம்னு சொன்னேன், அத்தை."

அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? "உங்க வீட்டுப் பொண்ணுங்க மாதிரி சோப்ளாங்கி இல்லடி என் பேத்தி."

பதினோரு வருஷம். திடமாம் திடம்.

12 ஆகஸ்ட்
ஆறே நாளில் நின்றுவிட்டது! டாக்டரம்மா கொடுத்த மாத்திரை. மாலாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "தெரியும் அத்தை, நான்தானே துணி துவைக்கிறேன்" என்று சிரித்தாள். என்னிடம் அவள் சிரித்து எத்தனை நாளாச்சு.

2 செப்டம்பர்
லைசென்ஸ் வந்தாச்சு! தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினேன். குஞ்சம்மாள் வீட்டில் இரண்டு தடவை.

15 நவம்பர்
கடலூர் பஸ் முதலாளி சாமிக்கண்ணு, செவ்வாய்க்கிழமை ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். போக ஒன்று, வர ஒன்று என்று மொத்தம் எட்டு நடை. ஒன்று தவறினாலும் வேலை இல்லை. கணக்குப் பார்த்தால் அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள். அதுதான் மோசமான நாள். வேறு நாள் கேளேன் என்றேன்.

"தள்ளிப் போடச் சொன்னா வேலையும் தள்ளிப் போயிடும் ஆயா. இப்ப என்னால முடியும்."

18 நவம்பர், செவ்வாய்
சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். "இது ஏழாவது நடை ஆயா, ஒண்ணுகூடத் தவறல. நாளையிலேர்ந்து வண்டி உன் பேத்திக்குத்தான்" என்றார் சாமிக்கண்ணு. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"பொம்பளப் புள்ள என்னமா ஓட்டுது" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண். என் வாய் சும்மா இருக்குமா? "என் பேத்திதான்! ரத்தம் சீக்கிரம் உறையாத வியாதி. இன்னிக்கு ரெண்டாம் நாள் வேற!"

பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. கண்ணாடியில் கவிநிலா முறைத்தாள். "ஆயா! வாய மூடிக்கிட்டு வர்றியா, இறக்கி விடட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் என் காதருகில் குனிந்தாள். "எனக்கும் பன்னெண்டு நாள் ஆவுதும்மா. எந்த டாக்டர்?"

டாக்டரம்மா பெயரையும் அவர் பார்க்கும் கிழமையையும் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தவளக்குப்பத்தில் இறங்கிப் போனாள்.

அங்கேயே செக்கர் ஏறினார். "டிக்கெட் எங்கம்மா?" திருதிருவென்று முழித்தேன்.

முன்னாலிருந்து என் பேத்தி கத்தினாள்: "விடுங்கண்ணே, அது எங்க ஆயா!"